பூனைக்கு ஊசி போட்டால் மட்டும் போதுமா? பக்கத்தில் இருக்க வேண்டாமா!

"பூனைக்குப் போய் ஊசியா?" என்று எங்கள் தெருவில் சிலர் சிரித்தார்கள்.

ஊசி போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் பூனையின் முகம் வீங்கியது. சிரித்தவர்கள், "நாங்கள் அப்போதே சொன்னோமே!" என்றார்கள்.

அவர்கள் சொன்னது தவறு. நான் செய்ததும் தவறு.

ஊசி போட்டது என் தவறு அல்ல. போட்டுவிட்டு உடனே ஓடினேனே, அதுதான் தவறு. அந்தத் தவறை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கிறது தண்டலம். அதுதான் எங்கள் ஊர். சுற்றிலும் தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாக இருக்கின்றன. விடியற்காலையிலும், பிற்பகலிலும், நள்ளிரவிலும் கம்பெனி பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்.

கணவனுக்கு ஒரு ஷிப்டு. மனைவிக்கு ஒரு ஷிப்டு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். எல்லாரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. எங்கள் வீடும் அப்படித்தான்.

எங்கள் பூனையின் பெயர் செல்லி. மழையில் நனைந்து கிடந்த குட்டியை என் மகள் தூக்கி வந்தாள். வளர்ந்து பெரியதாகிவிட்டது. போன வருஷம் அதற்கு வெறிநோய்த் தடுப்பு ஊசி போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஆகவே, இந்த வருஷமும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

காலை பத்தரை மணிக்கு ஊசி போட்டார்கள். "அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள். இன்று முழுவதும் வீட்டில் யாராவது பூனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் அம்மா சொன்னார்.

நான் உட்காரவில்லை. எனக்கு இரண்டாவது ஷிப்டு. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம். பூனையை வீட்டில் விட்டேன். சாப்பிட்டேன். கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் போன் செய்தாள்.

"அப்பா, செல்லி முகம் பூரி மாதிரி வீங்கிப் போச்சு. ரெண்டு தடவை வாந்தி எடுத்துடுச்சு. சீக்கிரம் வாங்க அப்பா!" என்று அழுதாள்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. அதனால் மகள் வீட்டில் இருந்தாள். இல்லாவிட்டால்? வீடு பூட்டிக் கிடந்திருக்கும். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது செல்லி உயிரோடு இருந்திருக்குமா? அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

கையில் இருந்த மாத்திரை

ஓடி வந்தேன். செல்லி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கண் இரண்டும் இடுங்கிப்போயிருந்தன. மூச்சு வேகமாக வந்தது.

பக்கத்து வீட்டு அக்கா நல்லவர். பதறிப்போய் வந்தார். "ஊசி போட்ட காய்ச்சல்தான் தம்பி. நம் குழந்தைகளுக்குக் கொடுக்கிறோமே, அந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கரைத்து ஊற்று" என்று சொல்லி, மாத்திரையையும் கொடுத்தார்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். தண்ணீரும் எடுத்துவிட்டேன். "டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது அப்பா" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு டாக்டர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உங்கள் மகள்தான் பூனையைக் காப்பாற்றியிருக்கிறாள்" என்றார்.

பாராசிட்டமால் பூனைக்கு விஷம்! மனிதனுடைய ஈரல் அந்த மருந்தை முறித்து வெளியே தள்ளிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. மருந்து உள்ளே தங்கி ரத்தத்தைக் கெடுத்துவிடும். உடம்புக்குப் பிராணவாயு கிடைக்காது. ஈறு நீலமாகிவிடும். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடலாம். பாதி மாத்திரையும் ஆபத்துதான்.

ஊசியால் பிழைக்க வேண்டிய பூனை, நம் அன்பினால் செத்திருக்கும்!

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள். மருந்து ஏற்றினார்கள். சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருந்தார்கள். இருட்டும் நேரத்தில் வீக்கம் வடிந்தது. செல்லி மகளைப் பார்த்து மெதுவாகக் கத்தியது. எங்களுக்கு உயிர் வந்தது.

போன வருஷம் ஒத்துக்கொண்டது, இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?

இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. அதற்கு விளக்கம் எளிது.

நம் உடம்பில் ஒரு காவல்காரன் இருக்கிறான். புதிதாக எது உள்ளே வந்தாலும் அதை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்வான். அடுத்த தடவை அது வந்தால் அடித்து விரட்டுவான். தடுப்பு ஊசி வேலை செய்வது இந்தக் காவல்காரனால்தான்.

ஆனால் சில உடம்பில் காவல்காரன் அளவுக்கு மீறிக் கோபப்படுவான். ஊசி மருந்தில் கலந்துள்ள ஏதாவது ஒரு பொருளை எதிரி என்று நினைத்துவிடுவான். கண்டபடி தடி வீசுவான். வீட்டுக்காரனுக்கும் அடி விழும். அதுதான் வீக்கம், அரிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் எல்லாம்.

முதல் ஊசியில் அடையாளம் பார்த்தான். இரண்டாவது ஊசியில் தடி எடுத்தான். ஆகவே, "போன தடவை ஒன்றும் ஆகவில்லை" என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

இப்படி எத்தனை பூனைகளுக்கு ஆகிறது? அமெரிக்காவில் 2002 முதல் 2005 வரை ஊசி போட்ட சுமார் 5 லட்சம் பூனைகளின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தார்கள். 10,000 பூனைகளில் ஏறக்குறைய 52 பூனைகளுக்குத்தான் 30 நாளுக்குள் ஏதாவது கோளாறு வந்தது. அதிலும் பாதிக்கு மேல் வெறும் சோர்வும் காய்ச்சலும்தான். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை மிக அபூர்வம்.

மிக அபூர்வம்தான். ஆனால் அந்த ஒரு பூனை உங்கள் வீட்டுப் பூனையாக இருக்கலாமே!

பாட்டிக்குப் போட்ட 14 ஊசி

"இனிமேல் செல்லிக்கு ஊசியே வேண்டாம்" என்று என் மகள் சொன்னாள். தெருவிலும் அதையே சொன்னார்கள்.

அப்போது என் அம்மா வாய் திறந்தார். "எனக்குச் சின்ன வயசில் நாய் கடித்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். வலி தாங்காது. ஆனால் அது இல்லாவிட்டால் நான் ஏது, உன் அப்பன் ஏது, நீ ஏது?" என்றார்.

அந்த 14 ஊசியின் கதை நாம் எல்லாரும் அறிய வேண்டிய கதை.

வெறிநாய்க் கடிக்கு முதலில் ஊசி கண்டுபிடித்தவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர். 1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு அவர் ஊசி போட ஏற்பாடு செய்தார். சிறுவன் பிழைத்தான்.

பிறகு இந்தியாவில் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர், ஆட்டு மூளையிலிருந்து வெறிநோய் ஊசி மருந்து தயாரிக்கும் முறையைக் கண்டார். நம் நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் நிலையம் 1907-ல் தொடங்கியது. தென்னாட்டு மக்களுக்கு வெறிநோய் ஊசி மருந்து அங்கே தயாரானது. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

ஆனால் அந்த ஊசியிலும் ஒரு தொல்லை இருந்தது. மருந்தில் மூளைச் சத்து கலந்திருந்தது. சிலருடைய உடம்புக் காவல்காரன் அதைப் பார்த்துக் கோபம் கொண்டு, சொந்த நரம்பையே தாக்கினான். அவர்களுக்குக் கை கால் விழுந்துபோனது. சிலர் இறந்தும் போனார்கள்.

அதற்காக ஊசியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களா? இல்லை. யாருக்கு என்ன ஆயிற்று என்று டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். மூளைச் சத்து இல்லாத நல்ல ஊசியைக் கண்டுபிடித்தார்கள். மாறுவதற்குப் பல காலம் ஆனது. ஆனால் மாறியது. 2005-ம் ஆண்டுக்குள் இந்தியாவில் பழைய ஊசி நின்றுவிட்டது.

இப்போது நாய் கடித்தாலும் பூனை கடித்தாலும் கையில்தான் ஊசி. நாலைந்து தடவை போய் வந்தால் முடிந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் போடுகிறார்கள்.

கெடுதல் வந்தபோது ஊசியைத் தூக்கி எறிந்திருந்தால், நல்ல ஊசி வந்திருக்காது. எலியைப் பிடிக்க வீட்டைக் கொளுத்துவதா?

ஊசி எதற்கு?

வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவது அல்ல. பூனைக்கும் வரும். பூனை கடித்தால் மனிதனுக்கும் வரும். நோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

குட்டிப் பூனைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் இன்னொரு நோய் உண்டு. வாந்தியும் பேதியும் வந்து இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அதற்கும் தடுப்பு ஊசி இருக்கிறது.

ஆகவே ஊசி வேண்டும். ஆனால் ஊசிக்குப் பிறகு ஆளும் வேண்டும்!

எதற்குப் பயப்பட வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டாம்?

ஊசி போட்ட அன்று பூனை சோர்ந்து படுத்திருக்கும். உடம்பு லேசாகச் சுடும். சாப்பாடு குறையும். ஊசி போட்ட இடம் வலிக்கும். இது ஓரிரு நாளில் சரியாகிவிடும். பயம் வேண்டாம்.

முகம் வீங்கினால், விடாமல் சொறிந்துகொண்டால், திரும்பத் திரும்ப வாந்தி பேதி ஆனால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், ஈறு வெளுத்தால், நிற்க முடியாமல் விழுந்தால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அருகில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஊசி போட்ட சில நிமிஷங்களிலும் இது வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

பூனையைக் கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். மூச்சு முட்டும். மூடி உள்ள கூடையில் துணி விரித்து வையுங்கள். காற்றோட்டம் வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே சென்னைக்குள் போனால் வேப்பேரி வரும். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. அதன் ஆஸ்பத்திரியில் பூனைக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் மூச்சுத் திணறும்போது அவ்வளவு தூரம் போக நேரம் இருக்காது. முதல் உதவி பக்கத்து டாக்டரிடம்தான். ஆகவே பக்கத்தில் யார் இருக்கிறார், எத்தனை மணி வரை இருக்கிறார் என்பதை முன்பே விசாரித்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. வீக்கம் மறுபடியும் வரலாம். அன்று இரவு ஒருவர் விழித்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நானும் என் மனைவியும் மாறி மாறி விழித்திருந்தோம்.

சத்தம் இல்லாத மூலையில் பழைய துணி விரித்துப் படுக்க வையுங்கள். அது கட்டிலுக்கு அடியில் போனால் போகட்டும். காலைப் பிடித்து இழுக்காதீர்கள். குனிந்து பார்த்தால் போதும்.

அது தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. நிமிஷத்துக்கு 30-க்குள் இருந்தால் நல்லது. 40-ஐத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்குக் கடிகாரம் மட்டும் இருந்தால் போதும். என் மகள் எண்ணி எண்ணி நோட்டில் எழுதினாள்.

அகலமான கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். மீனையோ கோழியையோ உப்பு இல்லாமல் வேக வைத்து, முள்ளும் எலும்பும் நீக்கி, இளஞ்சூடாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். இளஞ்சூட்டில் வாசனை எழும். வாசனை வந்தால்தான் பூனை சாப்பிடும். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு ஆகாது. மீன் குழம்பைப் பிசைந்து வைக்காதீர்கள்.

பால் கொடுக்கலாமா? வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. பேதி ஆகும்.

வாயைப் பிளந்து எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். ஆனால் பட்டினியாகவும் விடாதீர்கள். ஒரு நாள் முழுவதும் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பூனையின் ஈரல் கெட்டுவிடும். கொழுத்த பூனைக்கு இன்னும் ஆபத்து. குட்டிக்கு அரை நாளே அதிகம். ஒரு நாளாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் சொல்ல வேண்டும்.

ஊசி போட்ட இடத்தில் தைலம் தேய்க்காதீர்கள். பூனை நக்கிவிடும். அழுத்திப் பிசையாதீர்கள். அங்கே சிறிய கட்டி வரலாம். சில வாரங்களில் கரைந்துவிடும். மூன்று மாதம் ஆகியும் கரையாவிட்டால், இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால், ஒரு மாதத்துக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே வந்தால், டாக்டரிடம் காட்டுங்கள். மிக அபூர்வமாக அது புற்றாக மாறலாம்.

வலியில் பூனை உங்களைக் கடித்தாலோ பிராண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நம் வீட்டுப் பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது.

ஒரு நோட்டு வாங்குங்கள்

ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், மருந்துக் குப்பியில் உள்ள எண், எந்தக் காலில் போட்டார்கள், எத்தனை மணிக்கு என்ன ஆயிற்று என்பதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். வேறு டாக்டரிடம் போனாலும் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

அதைப் பார்த்தால் அடுத்த வருஷம் டாக்டர் வழி சொல்வார். வேறு மருந்து போடலாம். முன்னதாக ஒவ்வாமைக்கு மருந்து கொடுக்கலாம். இரண்டு ஊசியை ஒரே நாளில் போடாமல் பிரித்துப் போடலாம். ஏதாவது ஒரு ஊசி வேண்டாம் என்றும் சொல்லலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். தெரு அல்ல!

ஒரு பெஞ்சு போதும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 28-ந் தேதி உலக வெறிநோய் தினம். அதை ஒட்டி ஊர் ஊராக ஊசி முகாம் நடக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் ஊசி போட்டதும் ஜனங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். முகாம் நடத்துகிறவர்கள் நிழலில் இரண்டு பெஞ்சு போட்டு, "அரை மணி நேரம் உட்காருங்கள்" என்று பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். பெரிய செலவு இல்லை. படிக்கத் தெரியாதவரிடம் ஒருவர் வாயால் சொன்னால் போதும்.

ஷிப்டு வேலை செய்யும் குடும்பங்கள் ஒன்று செய்ய வேண்டும். வார விடுமுறை நாளில், காலையில் ஊசி போடுங்கள். காலையில் போட்டால் கோளாறு வரும்போது டாக்டர் இருப்பார். விடுமுறை நாளில் போட்டால் நீங்கள் இருப்பீர்கள்.

எனக்கு அன்று ஒரு நாள் சம்பளம் போயிற்று. போகட்டும். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஓர் உயிரைத் தனியே விட்டுப் போனேன் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

மூன்றாம் நாள் காலை செல்லி தட்டை வழித்து நக்கிவிட்டு, என் மகளின் மடியில் ஏறிப் படுத்தது. அவள் நோட்டை எடுத்தாள். "அடுத்த வருஷம் ஊசி: ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா வீட்டில் இருக்க வேண்டும்" என்று எழுதினாள். எழுதிவிட்டு என் கையெழுத்தைக் கேட்டாள்.

போட்டுக் கொடுத்துவிட்டேன்.